பேச்சு போன பிறகும் இருந்த பாட்டு

பேச முடியாத ஒருவரால் பாட முடியும் என்பதை நூல்களில் படிப்பதற்கு முன்பே எங்கள் பெரியம்மாவிடம் நேரில் கண்டேன். மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தை ஒட்டிய ரப்பர்த் தோட்டமொன்றில் இளவயது முதல் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர்ப் பாலுக்காக மரப்பட்டை சீவியவர் அவர். தோட்டம் எண்ணெய்ப்பனையான செம்பனைக்கு மாறி, தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் இடிக்கப்பட்ட பிறகு, மகனின் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அங்கேதான் அவருக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பாதிக்குப் போகும் இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்று மருத்துவர் விளக்கினார். வலக்கையும் வலக்காலும் தளர்ந்தன. பேச்சு ஏறக்குறைய முழுவதும் போயிற்று. நாங்கள் சொல்வது அவருக்கு விளங்கியது. கண்களைப் பார்த்தாலே அது தெரிந்தது. ஆனால் பதில் சொல்ல வாயெடுத்தால் "சாமி" என்ற ஒரே சொல்தான் வந்தது. தண்ணீர் கேட்டாலும் "சாமி", கால் வலித்தாலும் "சாமி".

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அக்கம்பக்கத்துப் பெண்கள் வீட்டில் கூடி மாரியம்மன் பாட்டுப் பாடத் தொடங்கினார்கள். இரண்டாம் அடியில் பெரியம்மாவின் குரலும் சேர்ந்துகொண்டது. வெறும் ராகமாக இல்லை. சொற்கள் தெளிவாக, வரிசை மாறாமல் வந்தன. பாட்டு முடிந்ததும் அண்ணி அருகில் போய், "அத்தை, என்ன வேணும், சொல்லுங்க" என்று கேட்டபோது, வந்த பதில் மறுபடியும் "சாமி" மட்டுமே. ஆத்தா இறங்கி வந்து பாடிவிட்டுப் போனாள் என்று அன்று பலரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவர்களுடைய நம்பிக்கையோடு எனக்கு வழக்கு எதுவும் இல்லை. ஆனால் அன்று நடந்ததற்கு மூளைக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது; அந்தக் காரணத்தைத் தெரிந்துகொண்டதால் எங்களால் அவருக்கு ஏதோ கொஞ்சம் செய்ய முடிந்தது. தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றில் இப்படி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

1861ஆம் ஆண்டு பாரிசில் பால் புரோக்கா என்னும் அறுவை மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்தார். பல ஆண்டுகளாக "டான்" என்ற ஓசையைத் தவிர வேறெதுவும் சொல்ல முடியாமல் இருந்தவர் அந்த நோயாளி. பிறர் பேசுவது அவருக்குப் புரிந்தது. அவர் இறந்த பிறகு மூளையை ஆராய்ந்தபோது இடப்பாதியின் முன்பகுதியில் சிதைவு தென்பட்டது. பெரும்பாலான மனிதர்களுக்குப் பேச்சை உருவாக்கும் வேலை மூளையின் இடப்பாதியையே பெரிதும் சார்ந்திருக்கிறது என்பது அதிலிருந்து மெல்ல மெல்ல உறுதிப்பட்டது. பாட்டின் கதை வேறு. ராகத்தையும் குரலின் ஏற்ற இறக்கத்தையும் கையாள்வதில் வலப்பாதிக்குப் பெரும்பங்கு உண்டு. எனவே இடப்பக்கம் அடிபட்டாலும் பாட்டு தப்பிப் பிழைப்பதுண்டு. புரோக்காவுக்கு நூறாண்டுக்கும் முன்பே, 1745இல், சுவீடனைச் சேர்ந்த ஓலோப் டாலின் இதை எழுதிவைத்திருக்கிறார். வலப்பக்கம் செயலிழந்து, "ஆம்" என்ற சொல்லோடு பேச்சு நின்றுபோன ஒருவர், நோய்க்கு முன் கற்றிருந்த தேவாலயப் பாடல்களை நல்ல உடல்நலம் உள்ளவரைப் போலவே பாடினாராம். தொடக்கத்தில் மட்டும் யாராவது கூடப் பாடி எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்ததாம். அண்டை வீட்டுப் பெண்கள் முதலடியை எடுத்துக்கொடுக்க, இரண்டாம் அடியில் பெரியம்மா சேர்ந்துகொண்டதும் அதே முறைதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டனில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன், பேச்சில் இரண்டு வகை உண்டு என்றார். நினைத்ததைச் சொல்வதற்காக அந்தக் கணத்தில் நாமே கட்டும் பேச்சு ஒன்று. எண்களை வரிசையாகச் சொல்வது, வேண்டுதல், வசை, வழக்கமான வாழ்த்து என்று பழகிப் பழகித் தானாக வரும் பேச்சு மற்றொன்று. இடமூளைச் சேதம் முதல் வகையைப் பறித்துக்கொண்டாலும் இரண்டாவது வகை பெரும்பாலும் எஞ்சி நிற்கும். இதைப் படித்த அன்று பெரியம்மாவின் அருகில் உட்கார்ந்து, "ஒன்னு, ரெண்டு" என்று தொடங்கிப் பார்த்தேன். அவர் "மூனு" என்று பிடித்துக்கொண்டு பத்து வரைக்கும் போனார். மலாயில் தொடங்கினாலும் அப்படியே முடித்தார். தனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் மட்டும் அவருக்கு எண் வரவில்லை.

இந்த மீதத்தை வைத்துப் பேச்சைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் ஆகிய மூவர் முயன்று, 1973இல் ஒரு பயிற்சி முறையை வெளியிட்டார்கள். அன்றாடம் தேவைப்படும் சிறு தொடர் ஒன்றை உயர்ந்த சுரம், தாழ்ந்த சுரம் என்று இரண்டே சுரங்களில் மெதுவாகப் பாட வேண்டும். ஒவ்வோர் அசைக்கும் இடக்கையால் தட்ட வேண்டும். முதலில் பயிற்சியாளரும் சேர்ந்து பாடுவார். பிறகு பாதியில் விலகிக்கொள்வார். பிறகு நோயாளி தனியே பாடுவார். கடைசியில் ராகம் சிறிது சிறிதாகக் குறைந்து பேச்சாகிவிட வேண்டும். இடக்கையை இயக்குவது வலமூளை என்பதும் அந்தக் கையைத் தட்டவைப்பதற்கு ஒரு காரணம். இத்தகைய பயிற்சியை வாரக்கணக்கில் தீவிரமாகப் பெற்ற ஆறு நோயாளிகளின் மூளையைப் படமெடுத்து ஒப்பிட்ட ஆய்வொன்று 2009இல் வெளிவந்தது. வலப்பாதியில், கேட்கும் பகுதியையும் பேசும் பகுதியையும் இணைக்கும் நரம்பிழைக் கற்றை பருத்திருந்ததை அது காட்டியது. முதுமையை நெருங்கியவர்களின் மூளையில், படத்தில் பார்த்து அளக்கக்கூடிய அளவுக்கு ஒரு கற்றை வளர்ந்திருக்கிறது! மனித மூளையின் ஆற்றல்களில் என்னை மிகவும் அசைத்தது இதுதான்.

பலன் தருவது ராகமா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்த கருத்தில் இல்லை. ஜெர்மனியில் 17 நோயாளிகளிடம் செய்து 2011இல் வெளிவந்த ஆய்வு, ராகத்தைவிடத் தாளமும், சொற்றொடர் ஏற்கெனவே நன்கு பழகியதாக இருப்பதுமே உதவுகின்றன என்றது. எங்கள் அனுபவமும் அதற்கு அருகில்தான் இருந்தது. ஈப்போவில் பேச்சுப் பயிற்சி அளிக்கும் ஒருவர் முறையைக் காட்டிக்கொடுத்தார். வீட்டில் அண்ணியும் பேத்தியும் தொடர்ந்தார்கள். கும்மிப் பாட்டின் தாளத்தில், தொடையில் இடக்கையால் தட்டியபடி, "தண்ணி குடு", "கால் வலிக்குது", "வெளிய போவோம்" என்று நாள்தோறும் பாடினார்கள். பல வாரங்கள் எதுவும் நடக்கவில்லை. பிறகு "தண்ணி" மட்டும் வந்தது, அதுவும் ராகத்தோடுதான். அதன்பின் ஒரு மதிய வேளையில், பேத்தி கஞ்சிக் கிண்ணத்தை நீட்டியபோது, தாளமோ தட்டலோ எதுவும் இல்லாமல் பெரியம்மா "வேணாம்" என்றார். பயிற்சியில் அந்தச் சொல் இருக்கவே இல்லை. மனப்பாடத்திலிருந்து எழுந்த சொல்லும் இல்லை. அவர் நினைத்து, அவரே எடுத்துச் சொன்னது. ஜாக்சன் பிரித்துக்காட்டிய முதல் வகைப் பேச்சு அது. அன்று அண்ணன் அழுதார்.

வளர்ந்தவரின் மூளை மாறாது என்றே அறிவியல் நீண்ட காலம் கருதிவந்தது. நரம்பணுக்களின் வடிவத்தைத் தம் கையாலேயே வரைந்து காட்டிய ஸ்பெயின் நாட்டு அறிஞர் சாந்தியாகோ ரமோன் இ கஹால்கூட, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், வளர்ந்த மூளையின் நரம்புப் பாதைகள் நிலைத்துப்போனவை, இனி மாறாதவை என்று எழுதினார். இந்தக் கடுமையான தீர்ப்பை மாற்ற முடிந்தால் அதை வருங்கால அறிவியல்தான் மாற்ற வேண்டும் என்று உடனே சேர்த்தும் எழுதினார். அவர் விட்டுவைத்த அந்த வாசல் வழியாகப் பலர் பின்னர் நுழைந்தார்கள். பார்வையற்றவர்கள் விரலால் பிரெயில் எழுத்தைத் தடவிப் படிக்கும்போது அவர்களுடைய பார்வைப் புறணி, அதாவது மூளையில் பார்வைக்குரிய மேற்பகுதி, வேலை செய்கிறது என்று 1996இல் சடாட்டோவும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். 2000இல் வெளிவந்த ஒரு நோயாளியின் வரலாறு இதைவிட வியப்பானது. பிறவியிலேயே பார்வையில்லாத, பிரெயில் படிப்பதில் மிகுந்த தேர்ச்சி பெற்றிருந்த ஒரு பெண்ணுக்குப் பக்கவாதம் வந்து, பின்மூளையின் பார்வைப் பகுதிகள் இருபுறமும் சேதமடைந்தன. அதன்பின் அவரால் பிரெயில் படிக்க முடியவில்லை. விரலில் உணர்ச்சி இருந்தது, புள்ளிகள் தட்டுப்பட்டன, அவை எழுத்தாகச் சேரவில்லை. ஒளியையே அறியாத கண்களுக்காக ஒதுக்கப்பட்ட பகுதி, அவருடைய வாழ்நாளெல்லாம் விரலுக்கு உழைத்திருக்கிறது.

ஆற்றுப்பாலம் உடைந்துபோனால் தோட்டத்து லாரிகள் சடக்கை (தார்ச்சாலையை) விட்டுச் செம்மண் பாதையில் இறங்கிச் சுற்றிப் போகும். ஓட ஓட அந்தச் செம்மண் பாதையே அகன்று இறுகிவிடும். மூளையில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான் என்று அண்ணனுக்கு விளக்கினேன். சுற்றுப்பாதை தானாக உண்டாவதில்லை, ஓடினால்தான் உண்டாகும் என்பது அவருக்கு உடனே பிடிபட்டது.

மனிதன் தன் மூளையில் பத்து விழுக்காட்டைத்தான் பயன்படுத்துகிறான் என்று ஒரு செய்தி புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) சுற்றிவருகிறது. அது உண்மையில்லை. உடல் எடையில் ஏறத்தாழ இரண்டு விழுக்காடே உள்ள மூளை, நாம் ஓய்ந்திருக்கும்போதும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ இருபது விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. தொண்ணூறு பங்கு சும்மா கிடக்கும் உறுப்பாக இருந்தால், பக்கவாதங்களில் பெரும்பாலானவை யாருக்கும் தெரியாமலே கடந்துபோயிருக்க வேண்டும். பெரியம்மாவின் மூளையில் பாதிக்கப்பட்ட இடம் படத்தில் சிறியதாகவே தெரிந்தது.

அவருடைய வலக்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அது சாதாரணக் கை இல்லை. ரப்பர் மரத்தின் பட்டையில் பால்குழாய்கள் மிகுதியாக உள்ள அடுக்கு, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் வளர்திசுவை ஒட்டியே அமைந்திருக்கிறது. கத்தி அந்த வளர்திசுவைத் தொட்டுவிட்டால் மரம் காயப்படும். பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பின்னாளில் அந்த இடத்தில் வெட்ட முடியாமல் போய்விடும். ஆழம் போதாவிட்டாலோ பால் குறைந்துவிடும். எனவே இடப்பக்க மேட்டிலிருந்து வலப்பக்கம் சரியும் கோட்டில், ஒன்றரை மில்லிமீட்டர் அளவே கனமுள்ள பட்டையைச் சீவி எடுக்க வேண்டும். மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்து பால் நன்றாக ஓடுவது விடியலுக்கு முன்பு என்பதால், இதை நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், நிரை என்னும் மரவரிசை ஒன்றிலிருந்து அடுத்த நிரைக்கு நடந்தபடியே, ஒரு காலைக்குள் ஐந்நூறு மரங்கள் வரை செய்தாக வேண்டும். 1877இல் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்ட கோலகங்சார் எங்களுக்குப் பக்கத்து ஊர். அன்றிலிருந்து எத்தனை ஆயிரம் கைகள் இந்த நுட்பத்தைப் பழகியிருக்கும் என்று நினைக்கும்போது, அதைக் கூலிவேலை என்று மட்டுமே கணக்கில் எழுதிவைத்ததில் எனக்கு வருத்தம் உண்டு.

அந்தக் கை நோய்க்குப் பிறகு மடியில் கிடந்தது. எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆய்வாளர், செயலிழந்த கையைப் பயன்படுத்த முயன்று தோற்றுத் தோற்று, அதைப் பயன்படுத்தாமலிருக்கவே மூளை பழகிக்கொள்கிறது என்று கண்டார். அதற்கு அவர் வகுத்த வழி, நல்ல கைக்கு உறைபோட்டு அதன் வேலையை நிறுத்திவிட்டு, தளர்ந்த கையைப் பல மணி நேரம் உழைக்கவைப்பது. பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதங்கள் ஆன 222 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. இரண்டு வாரங்கள் இந்தப் பயிற்சி பெற்றவர்களின் கை, வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களின் கையைவிடத் தெளிவாகத் தேறியது. ஓராண்டுக்குப் பிறகும் அந்த வேறுபாடு நிலைத்தது. மணிக்கட்டிலும் விரலிலும் சிறிதளவேனும் அசைவு உள்ளவர்களுக்கே இது பொருந்தும். பெரியம்மாவுக்கு அந்தச் சிறிதளவு அசைவு இருந்தது. பிசியோ சொன்னபடி இடக்கைக்கு உறை மாட்டி, வெங்காயம் உரிப்பது, துணி மடிப்பது, கரண்டி பிடிப்பது என்று வலக்கைக்கு வேலை கொடுத்தார்கள். கோபத்தில் உறையைப் பல்லால் கடித்து இழுத்த நாள்களும் உண்டு. இன்று அந்தக் கை தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும். சட்டைப் பொத்தான் போடாது. பிடிப்பதற்கே இவ்வளவு உழைப்பு தேவைப்பட்டது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

கைக்கென்று தனியே ஒரு நினைவு இருப்பதைக் காட்டியவர் ஹென்றி மொலைசன். வலிப்பு நோய்க்காக 1953இல் அவருடைய மூளையின் இருபுறமும் உட்பகுதிகளை அறுத்தெடுத்தார்கள். அதன்பின் 2008இல் இறக்கும்வரை புதிதாக எதையும் அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை. பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடியில் மட்டும் பார்த்து ஒரு விண்மீன் வடிவத்தை வரையச் சொன்னார். நாளுக்கு நாள் அவருடைய கை தேர்ந்தது. அதற்கு முன் வரைந்ததே அவருக்கு நினைவில்லை. எங்கள் வீட்டு வரிசையில் மறதிநோய் முற்றிய தாத்தா ஒருவர் இருந்தார். மகனைப் பார்த்து, "தம்பி எந்தத் தோட்டம்?" என்று கேட்பார். வெட்டுக்கத்தியையும் சாணைக்கல்லையும் கையில் கொடுத்தால், கல்லில் தண்ணீர் தெளித்து, கோணம் பிசகாமல் தீட்டி, கூர்மையைக் கட்டைவிரல் நகத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் வைப்பார். மகனின் முகம் தங்கியிருந்த இடத்தை நோய் எட்டிவிட்டது. கத்தியின் கூர்மை சிறுமூளையிலும் மூளையின் ஆழத்து நரம்புத்திரள்களிலும் தங்கியிருந்தது.

இலண்டனில் டாக்சி ஓட்ட விரும்புவோர் சுமார் 25,000 தெருக்களை மனத்தில் ஏற்றித் தேர்வு எழுத வேண்டும். அவர்களுடைய மூளையில், இடங்களை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகாம்பஸ் பகுதியின் பின்பாகம் மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருப்பதாக 2000ஆம் ஆண்டு எலினார் மக்வயர் கண்டறிந்தார். அப்படிப் பிறந்தவர்கள்தாம் ஓட்டுநராகிறார்களோ என்ற ஐயத்துக்கு 2011இல் பதில் கிடைத்தது. பயிற்சிக்கு வந்த 79 பேரைத் தொடக்கத்திலிருந்தே கவனித்ததில், தேறிய 39 பேருக்கு அந்தப் பகுதி வளர்ந்திருந்தது, தேறாதவர்களுக்கு வளரவில்லை. இதைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது நிரைகள்தாம். எந்த மரம் பால் கூடுதலாகத் தரும், எது பட்டை காய்ந்தது, எந்த மரத்தடியில் குளவிக்கூடு இருக்கிறது என்பதையெல்லாம் இருட்டிலேயே அறிந்திருந்த பெண்கள் அவர்கள். 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் நூறு செயல்களை ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்திச் சதாவதானம் செய்தார் என்று பெருமையோடு சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். நிரைகளை மனத்தில் வைத்திருந்தவர்களையும் நினைவாற்றல் பற்றிய பேச்சில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

மொழி பற்றியும் ஒரு செய்தி உண்டு. ஹைதராபாத்தில் மறதிநோய் வந்த 648 பேரை ஆராய்ந்து சுவர்ணா அல்லாடியும் அவருடைய குழுவினரும் 2013இல் வெளியிட்ட கட்டுரையின்படி, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழிகள் பேசியவர்களுக்கு அந்த நோய் ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்தத் தாமதம் காணப்பட்டது. எனவே அதைப் பள்ளிப் படிப்பின் பலன் என்று ஒதுக்கிவிட முடியாது. நலமாக இருப்பவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த வேறு ஆய்வுகள் சில இதை உறுதிப்படுத்தவில்லை என்பதால் முடிந்த முடிபாகக் கொள்ள வேண்டாம். இருப்பினும், வேலையை மேற்பார்வையிடும் மண்டோரிடம் மலாயும், சீனக்கடையில் காண்டனீசும், வீட்டில் தமிழுமாக, பள்ளி வாசலையே மிதிக்காமல் மூன்று மொழிகளை மாற்றி மாற்றிப் பேசிய ஒரு தலைமுறையைப் "படிக்காதவங்க" என்ற ஒரே சொல்லில் அடக்கியதை இந்த ஆய்வு என்னை மறுபடி எண்ணிப்பார்க்க வைத்தது.

மீள்வதற்கு மூளை எவ்வளவு முயன்றாலும், மிச்சம் இருப்பதைக் கொண்டுதான் முயல வேண்டும். பெரிய இரத்தக்குழாய் அடைபட்ட பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று ஜெஃப்ரி சேவர் 2006இல் கணக்கிட்டார். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். எவ்வளவு விரைவாக ஏற்றுகிறார்களோ அவ்வளவு நல்லது. எங்கள் பக்கத்தில் இன்னும் முதலில் எண்ணெய் தேய்த்து உருவிப் பார்க்கிறார்கள், அல்லது விடியட்டும் என்று காத்திருக்கிறார்கள். தோட்டத்துக்குள் இருக்கும் வீட்டிலிருந்து பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் நேரமும், அங்கே மூளையைப் படமெடுக்கும் நேரமும் அந்த நான்கரை மணிக்குள்தான் அடங்கியாக வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்கியவுடன் தொங்கிப்போனாலோ, பேச்சு குழறினாலோ, எப்போது தொடங்கியது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, உடனே மலேசியாவின் அவசர எண்ணான 999ஐ அழையுங்கள்.